வள்ளத்து எஞ்சினுக்கு எந்த ஆயில்? – வாசகர் கேள்வி, பட்டறை பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆயிலைப் பற்றித்தான். குளச்சல் பக்கம் 26 வருடமாக அவுட்போர்டு எஞ்சின், அதாவது வள்ளத்தின் பின்பக்கம் மாட்டும் எஞ்சின் வேலை பார்க்கிறேன். பட்டறைக்குத் தூக்கி வரும் எஞ்சின்களிலும் பாதி ஆயில் விஷயத்தில் கெட்டுப்போனவைதான். அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாக 9.9 எச்.பி. மண்ணெண்ணெய் எஞ்சின் வாங்கியிருக்கிறேன். வள்ளத்து எஞ்சினுக்கென்றே விற்கும் மரைன் ஆயில் எங்கள் ஊர்க் கடையில் லிட்டருக்கு 150 ரூபாய் கூடுதல். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் 2டி ஆயிலும் டூ ஸ்ட்ரோக் ஆயில்தானே, பைக்குக்கு ஊற்றுவதை வள்ளத்துக்கு ஊற்றினால் என்ன என்று கடைக்காரரே கேட்கிறார். என்ன செய்வது? – இனயம் வாசகர்

ஊற்றாதீர்கள் தம்பி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாமல் பழக்கத்துக்காக வாங்கினால், கையில் காசு குறையும் ஒரு நாளில் மனசு மாறிவிடும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் எண்ணெயோடு, அதாவது பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெயோடு, கலந்தே உள்ளே போகிறது. கிராங்க் பெட்டிக்குள் நுழைந்து பேரிங்கை நனைக்கிறது, பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் ஒரு படலமாக நிற்கிறது, அப்புறம் எண்ணெயோடு சேர்ந்து எரிந்து வெளியே போகிறது. ஆகவே வழுக்குவதோடு அதன் வேலை முடிவதில்லை. எரிந்த பிறகு உள்ளே எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பைக் எஞ்சின் காற்றில் குளிர்கிறது. சிலிண்டர் தலை நூற்றைம்பது டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அந்தச் சூட்டில் கரி பிடிக்காமல் இருக்க, பைக் ஆயிலில் கால்சியம் போன்ற உலோகம் கலந்த துப்புரவு மருந்து சேர்ப்பார்கள். அந்தச் சூட்டில் அது நன்றாக வேலை செய்யும். எரிந்த பிறகு கொஞ்சம் சாம்பல் விடும், பைக் அதைத் தாங்கிக்கொள்ளும். நம் எஞ்சினுக்குள்ளோ கடல்தண்ணீர் ஓடுகிறது. சூடு ஏறினால் உப்பு உறைந்து தண்ணீர் ஓடும் வழியை அடைத்துவிடும். அதனால் தண்ணீர் சுற்றும் பகுதியை 50, 60 டிகிரி அளவிலேயே வைத்திருக்கிறார்கள். இந்தக் குளிர்ச்சியில் பைக் ஆயிலின் மருந்து சரியாக வேலை செய்யாது, சாம்பல் மட்டும் மிஞ்சும். பைக் சிக்னலில் நிற்கும், இறக்கத்தில் ஓய்வெடுக்கும். வள்ளத்து எஞ்சினோ மடி வலை போடும் இடம் வரை ஒரே வேகத்தில், முழு ஆக்ஸிலேட்டரில் இரண்டு மணி நேரம் ஓடும். சாம்பல் படிந்த எஞ்சின் அப்படி ஓடினால் அந்தப் படிவு கனன்று சிவக்கும். பிளக் தீப்பொறி விடும் முன்பே எண்ணெய் பற்றிக்கொள்ளும்.

அதன் விளைவு என் மேசை மேல் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கிறது. ஒரு 15 எச்.பி. எஞ்சினின் பிஸ்டன். மேல்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்த சாம்பல் நிறத்தில் பொருக்கு. நகத்தால் சுரண்டினால் வராது, உளி வேண்டும். நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் அலுமினியம் மெழுகு போல உருகி, வழிந்து, அப்படியே உறைந்திருக்கிறது. அதே எஞ்சினின் பிளக்கையும் வைத்திருக்கிறேன். அதன் இரண்டு முனைக்கும் நடுவில் தலைமுடி கனத்தில் ஒரு சாம்பல் பாலம். அந்தப் பாலம் விழுந்துவிட்டால் பொறி தாண்டாது, எஞ்சின் நின்றுபோகும். எட்டு மாதம் பைக் ஆயில் ஊற்றியதாக அந்த வள்ளக்காரர் மறைக்காமல் சொன்னார். கரையிலிருந்து ஏழெட்டு மைலில் நின்று, இன்னொரு வள்ளம் கயிறு போட்டு இழுத்து வந்தது. புதிதாக ஆயில் வாங்க வருகிறவர்கள் கையில் அந்த டின்னைக் கொடுத்துவிடுவேன்.

சரி, கேனில் எதைப் பார்த்து வாங்குவது? 'டி.சி.–டபிள்யூ3' என்ற குறி. டூ சைக்கிள், வாட்டர் கூல்டு, மூன்றாம் தலைமுறை என்று பொருள். அமெரிக்காவின் நேஷனல் மரைன் மேனுஃபாக்சரர்ஸ் அசோசியேஷன், சுருக்கமாக என்.எம்.எம்.ஏ., சோதித்துக் கொடுக்கும் தரம் இது. உலோகச் சாம்பல் விடாத மருந்துதான் இந்த ஆயிலில் சேர்க்க முடியும். எண்ணெயில் எளிதாகக் கலக்கிறதா, தண்ணீர் பட்டால் கூழாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கிறதா, துருவைத் தடுக்கிறதா என்றெல்லாமும் பார்ப்பார்கள். உப்புக்காற்றில் கிடக்கும் எஞ்சினுக்கு அந்தத் துரு விஷயம் பெரிது. முறையாகப் பதிவான ஆயில் என்றால் 'ஆர்எல்' என்று தொடங்கும் எண் ஒன்றும் கேனில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டாவது தேடிப் பாருங்கள்.

'ஜாசோ எஃப்.சி.', 'எஃப்.டி.', 'ஏ.பி.ஐ. டி.சி.' என்றெல்லாம் பளபளப்பாகப் போட்டிருக்கும் கேனைக் காட்டி, "இது இன்னும் உயர்ந்த ரகம்" என்பார்கள். உயர்ந்த ரகம்தான், காற்றில் குளிரும் எஞ்சினுக்கு. ஏ.பி.ஐ. டி.சி. என்ற குறியில் டபிள்யூ இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஓர் எழுத்துதான் தண்ணீர். திருப்பிப் போட்டாலும் இதே கதைதான். மிஞ்சிய மரைன் ஆயிலைப் பழைய ஆர்எக்ஸ் 100 வண்டிக்கோ, மரம் அறுக்கும் மிஷினுக்கோ ஊற்றினால் அந்தச் சூட்டை அது தாங்காது.

எந்தக் கம்பெனி ஆயில் என்று கேட்காதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். டி.சி.–டபிள்யூ3 குறி, உடையாத சீல், உங்களுக்குத் தெரிந்த கடை, இந்த மூன்றும் இருந்தால் போதும்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு நாள் தொழிலுக்கு 35 லிட்டர் மண்ணெண்ணெய் ஆகிறது என்றால் அதற்கு 700 மில்லி ஆயில். லிட்டருக்கு 150 ரூபாய் வித்தியாசம் என்றால் அன்றைக்கு 105 ரூபாய் கூடுதல். மீன்பாடு கிடைக்காத நாளில் 105 ரூபாயும் பெரிய காசு, எனக்குத் தெரியும். நானும் வள்ளத்தில் போய்ச் சம்பாதித்தவன். ஆனால் பிஸ்டன், ரிங், சிலிண்டர் கடைசல், கேஸ்கட், கூலி, வேலை முடியும் வரை கரையில் கிடக்கும் நாட்கள் எல்லாம் சேர்த்தால் அந்த 105 ரூபாய் எந்த மூலைக்கு?

ஒரு மூடி ஆயில், ஒரு கேன் மண்ணெண்ணெய் என்று அப்பா காலத்திலிருந்து ஊற்றுகிறோம். சரியான அளவு எவ்வளவு? – முட்டம் வாசகர்

மூடிக்கு அளவு கிடையாது. ஒரு கம்பெனி மூடியில் 20 மில்லி பிடிக்கும், இன்னொன்றில் 35 பிடிக்கும். கம்பெனி மாறிய அன்றே உங்கள் அளவும் மாறிவிடும். மருந்துக் கடையில் கோடு போட்ட பிளாஸ்டிக் குடுவை கிடைக்கும், ஒன்று வாங்கி எஞ்சின் பெட்டியோடு போட்டுவையுங்கள்.

இப்போது ஓடும் பெரும்பாலான சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு 50க்கு 1. அதாவது லிட்டருக்கு 20 மில்லி. 5 லிட்டருக்கு 100, 10 லிட்டருக்கு 200. எஞ்சினோடு வரும் 24 லிட்டர் சிவப்பு டேங்க் நிறைய ஊற்றினால் 480. சில கையேடுகளில் 100க்கு 1 என்று இருக்கும். அது பெரும்பாலும் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்களுக்குச் சொன்னது. தினமும் தொழிலுக்குப் போகும் எஞ்சினுக்கு அதே கையேட்டில் வேறு அளவு இருக்கிறதா என்று அடுத்த வரியையும் பாருங்கள். கையேடு ஆங்கிலத்தில் இருந்தால் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

புது எஞ்சினுக்கு, அல்லது புது பிஸ்டன் ரிங் போட்ட எஞ்சினுக்கு, முதல் 10 மணி நேரம் இரட்டிப்பு ஆயில், 25க்கு 1 என்பதுதான் பெரும்பாலும் கேட்பது. அந்த 10 மணி நேரமும் முழு வேகம் கொடுத்து நிறுத்தாமல் ஓட்டக் கூடாது. கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இனயம் தம்பி, இது உங்களுக்கும்தான்.

கலக்கும் விதம் இப்படி: காலி கேனில் முதலில் கால்வாசி மண்ணெண்ணெய். அதன் மேல் அளந்த ஆயில். மூடியை இறுக்கிக் கேனைப் படுக்கப் போட்டு நன்றாக உருட்டுங்கள். பிறகு மீதி மண்ணெண்ணெய், மறுபடி ஒரு உருட்டு. டேங்குக்குள் நேரே ஆயிலைக் கொட்டினால் அது அடியில் தங்கும். முதல் பத்து நிமிடம் புகையாய்த் தள்ளும், கடைசி அரை மணி நேரம் எஞ்சினுக்கு வெறும் மண்ணெண்ணெய்தான் கிடைக்கும்.

மண்ணெண்ணெய் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் சின்ன பெட்ரோல் டப்பாவிலும் ஆயில் கலக்க வேண்டுமா? ஒரு நிமிடம்தானே ஓடுகிறது? – கடியபட்டணம் வாசகர்

கட்டாயம் கலக்க வேண்டும். இதைக் கேட்டதற்கு உங்களுக்குத் தனியாக நன்றி சொல்கிறேன். பலர் இதைக் கேட்பதே இல்லை.

எங்கள் அப்பாவின் வள்ளத்துக்கு முதல் எஞ்சின் வந்தபோது எனக்கு 19 வயது. ஸ்டார்ட் பண்ணுவது என் வேலை. பெட்ரோல் டப்பாவில் வெறும் பெட்ரோல்தான் ஊற்றுவேன். ஒரு நிமிடம் ஓடுவதற்கு ஆயில் எதற்கு என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்த பழக்கம். ஒரு வருடத்தில் கயிறு இழுக்கும்போது கையில் அழுத்தமே தெரியவில்லை, காற்றை இழுப்பது போல வந்தது. பிரித்துப் பார்த்தால் ரிங் தேய்ந்து, சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற எஞ்சினில் ஆயில் படலம் வடிந்து மெலிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து, மிச்சம் இருப்பதையும் கழுவிவிடும் வெறும் பெட்ரோலைக் கொடுத்திருக்கிறேன். அதுவும் ஒவ்வொரு விடியற்காலையும். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. கடன் வாங்கிச் சரி பண்ணினார். எஞ்சின் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் நினைத்தது அன்றைக்குத்தான்.

பெட்ரோலுக்கும் லிட்டருக்கு அதே 20 மில்லி. கரை சேரும் முன் கொஞ்ச நேரம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்துங்கள். கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றுவிட்டால் மறுநாள் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும். அந்தக் கடைசி ஓட்டத்துக்கும் ஆயில் வேண்டும் அல்லவா?

ஆயில் அதிகம் ஊற்றினால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்று லிட்டருக்கு 40 மில்லி ஊற்றுகிறேன். சரியா? – மணப்பாடு வாசகர்

நல்ல மனசோடு செய்கிறீர்கள், ஆனால் வேண்டாம். எரியாத ஆயில் பிளக்கை நனைக்கும், கரியாகி ரிங் காடியில் இறுகும். ரிங் ஒட்டிக்கொண்டால் சுவரோடு அழுந்தி நிற்காது, அழுத்தம் போய்விடும். மண்ணெண்ணெய் பெட்ரோலை விடக் கரி அதிகம் விடுவது, அதற்கு மேல் நீங்களும் சேர்க்க வேண்டாம். எக்ஸாஸ்ட் வழியில் கறுப்புப் பசை வடிந்து, வள்ளத்தின் பின்பக்கத் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் அளவு கூடிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

காருக்கு ஊற்றும் என்ஜின் ஆயில் வீட்டில் நிறைய இருக்கிறது. அவசரத்துக்குக் கலக்கலாமா? – பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

கூடாது. அது எரிவதற்காகச் செய்த ஆயில் இல்லை. பெட்ரோலில் எளிதாகக் கலக்காது. துத்தநாகமும் கால்சியமும் அதில் நிறைய உண்டு, எரித்தால் பைக் ஆயிலை விட மோசமாகச் சாம்பல் விடும். அவசரத்துக்கு என்றால் ஒரு லிட்டர் மரைன் ஆயிலைச் சீல் உடைக்காமல் வள்ளத்தில் எப்போதும் வைத்திருங்கள்.

நீல நிறத்தில் இருந்தால் மரைன் ஆயில் என்று சொல்கிறார்களே? – குளச்சல் வாசகர்

நிறம் வெறும் சாயம். ஆயில் கலந்த எண்ணெய் எது, கலக்காதது எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காகப் போடுவது. நீலமும் உண்டு, பச்சையும் உண்டு, வேறு நிறமும் உண்டு. டிரம்மிலிருந்து குழாய் வைத்துப் பிடித்து, தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் நீல ஆயிலை வாங்கவே வாங்காதீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று என்னாலும் சொல்ல முடியாது, விற்கிறவராலும் சொல்ல முடியாது.

டி.சி.–டபிள்யூ3 ஆயில்தான் ஊற்றுகிறோம், அளந்துதான் ஊற்றுகிறோம். ஆனாலும் எங்கள் பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் பிடித்துவிட்டது. டேங்க் ஒரு மாதமாகப் பாதி நிறைந்து கிடந்தது. ஆயில் போலியா? – உவரி வாசகர்

ஆயில் மேல் சந்தேகப்படும் முன் டேங்கைப் பாருங்கள். பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் ஆசை அதிகம், கடற்கரை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பாதி டேங்கில் காற்று நிறைய, ஈரமும் நிறைய. மூடி வழியாக நாலு சொட்டுக் கடல்தண்ணீரும் போயிருக்கலாம். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய் உட்காரும். நீங்கள் அளந்து ஊற்றிய ஆயிலோ மேலே பெட்ரோலோடுதான் நிற்கும். டேங்கின் உறிஞ்சு குழாய் எங்கே இருக்கிறது? அடியில். எஞ்சினுக்குப் போனது ஆயிலே இல்லாத தண்ணீரும் எத்தனாலும்.

டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். நடுவில் ஒரு கோடு விழுந்து, கீழ்ப்பகுதி ஆயிலின் நிறமே இல்லாமல் வெளிறித் தெரிந்தால் காரணம் அதுதான். அந்தப் பெட்ரோலை மறுபடி கலக்கிப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள், ஒன்றும் ஆகாது. பெட்ரோல் எஞ்சின்காரர்கள் இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்வது நல்லது.

கோடு விழவில்லை என்றால் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். ஓடும்போது பக்கத்துத் துளையில் தண்ணீர் சீராகப் பீய்ச்சியதா? இல்லை என்றால் தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அல்லது உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். அடுத்தது கார்பரேட்டர் ஜெட், அதாவது எண்ணெய் வரும் சின்னத் துளை. நம் எஞ்சினுக்கு ஆயில் வரும் வழியும் எண்ணெய் வரும் வழியும் ஒன்றேதான். ஜெட்டில் பாதி அடைப்பு என்றால் ஆயிலும் பாதிதான் கிடைக்கும்.

இன்னொன்று. பெட்ரோல் எஞ்சினில் செலவைக் குறைக்க மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எனக்கு மறைக்காமல் எழுதுங்கள். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன், அதாவது அழுத்தத்தில் தானாகப் பற்றாமல் தாங்கும் திறன், மிகக் குறைவு. பெட்ரோல் எஞ்சினின் அழுத்தத்தில் அது தானே வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். அந்த அடிக்கு எந்த ஆயிலும் தாங்காது.

என் வீட்டுக்காரர் வெளிநாட்டுக்கு மீன்பிடி வேலைக்குப் போயிருக்கிறார். எஞ்சின் ஐந்து மாதமாக வீட்டுத் திண்ணையில் சாத்தி வைத்திருக்கிறது. வந்து மறுபடி ஓட்டுவார். அதுவரை கெடாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்? பழைய கலவை அரை கேன் இருக்கிறது. – தேங்காப்பட்டணம் வாசகி

தங்கச்சி, நீங்களே செய்யக்கூடிய வேலைதான். எஞ்சினைச் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள், தலைகீழாகச் சாய்க்க வேண்டாம். பிளக் ஒயரை உருவிவிட்டு, பிளக்கைப் பிளக் ஸ்பேனரால் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாக இரண்டு டீஸ்பூன் மரைன் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுங்கள். ஆயில் சிலிண்டர் சுவர் முழுக்கப் பரவும், துரு ஏறாது. இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் இரண்டிலும் இதேபோல. பிளக்கைத் திரும்ப மாட்டிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும்.

கயிறு அசையவே இல்லை என்றால் பலமாக இழுக்காதீர்கள். உள்ளே ஏற்கெனவே துரு பிடித்திருக்கலாம். கொஞ்சம் கூடுதலாக ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, மெதுவாக முயன்று பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கீழே கியர் பெட்டியில் ஒரு ஸ்குரூ இருக்கும். அதைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். வடியும் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே கடல்தண்ணீர் போயிருக்கிறது. அப்படி இருந்தால் இறுக்கிவிட்டு, அவர் வரும் வரை காத்திருக்காமல் சீலை மாற்றச் சொல்லுங்கள். இந்தப் பெட்டிக்கு வேண்டியது தனி கியர் ஆயில், டூ ஸ்ட்ரோக் ஆயில் இல்லை.

பழைய கலவையை எஞ்சினுக்கு ஊற்ற வேண்டாம். அடுப்புக்கும் விளக்குக்கும் அறவே கூடாது, அதில் பெட்ரோல் கலந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. கேன் மேல் 'பழையது' என்று பெரிதாக எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல், வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். அவர் வந்த பிறகு முதல் டேங்குக்குப் புது எண்ணெய், புது ஆயில், புது பிளக். கயிறு இழுக்கும் முன் உறிஞ்சும் வாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். திண்ணையில் சாத்தி வைத்த எஞ்சினில் இரண்டு முறை கண்டிருக்கிறேன்.